வயிற்றில் பிள்ளை, வாசலில் புகை

செவ்வாய்க்கிழமை என்றால் தாம்பரம் சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் கூட்டம். பெஞ்சுகள் காலையிலேயே நிரம்பிவிடும். மடியில் தாய்-சேய் நல அட்டை, பைக்குள் ஒரு டப்பா சாப்பாடு, பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள். அளவு குறைந்திருந்தால் நர்ஸ் முகம் மாறும். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, கீரை சாப்பிடுகிறாயா என்று விசாரணை நடக்கும். ரொம்பக் குறைவு என்றால் இரும்புச்சத்து ஊசி.

கேட்டுக்கு வெளியே இரு சக்கர வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. மனைவியை இறக்கிவிட்டுக் காத்திருக்கிற கணவர்கள் எதிர் டீக்கடையில் நிற்கிறார்கள். கடைக் கம்பத்தில் கயிறு கட்டி ஒரு லைட்டர் தொங்குகிறது. ‘ஒரு கிங்ஸ் குடுங்கண்ணே’ என்று வாங்குகிறவர் பாக்கெட்டைக் கையில் தொடுவதே இல்லை. 2016 முதல் சிகரெட் பாக்கெட்டின் இருபுறமும் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் அச்சிட்டாக வேண்டும் என்பது சட்டம். ஒத்தை சிகரெட் வாங்குகிறவர் கண்ணில் அந்தப் படம் படுவதில்லை. டீ ஒரு வாய், புகை ஒரு இழுப்பு. அதற்குள் மனைவி அட்டையோடு வெளியே வந்துவிடுகிறாள். சிகரெட்டைக் காலில் நசுக்கிவிட்டு வண்டியைக் கிளப்புகிறார். பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொள்கிறவள் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்கிறாள். சட்டை வாடை அவளுக்குக் குமட்டுகிறது.

கர்ப்ப காலத்தில் சிகரெட்டை விடுவது பற்றி மேலைநாடுகளில் எழுதினால் அது கர்ப்பிணிக்குச் சொல்லும் புத்திமதியாகவே இருக்கும். அங்கே புகைக்கும் பெண்கள் அதிகம். நம்மிடம் கணக்கு வேறு. 2016-17-ல் நடந்த உலகளாவிய புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்த ஆண்களில் 19 சதவீதம் பேர் புகைக்கிறார்கள், பெண்களில் 2 சதவீதம் பேர். தமிழகத்தில் புகைக்கும் பெண்களின் பங்கு இன்னும் சொற்பம். ஆகவே தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் ஒரு பெண் உண்டாகிவிட்டாள் என்றால், அந்த வீட்டில் சிகரெட்டை விட வேண்டியவர் பெரும்பாலும் அவள் கணவர்தான். சில வீடுகளில் மாமனார். சில வீடுகளில் இருவருமே. பத்து மாதமும் அவளை மட்டும் கூப்பிட்டு எடை பார்த்து, ஊசி போட்டு, கேள்வி கேட்கிற நம் ஏற்பாடு, கேட்டுக்கு வெளியே நிற்கிறவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்புகிறது. நம் ஊரில் இந்தப் பிரச்சினையின் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது.

அவர் விடுகிற புகை அவள் வயிற்றுக்குள் எப்படிப் போகும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஹீமோகுளோபின் பரிசோதனையிலிருந்தே சொல்லிவிடலாம். நுரையீரலுக்கு வரும் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடம்பெங்கும் கொண்டுபோவது ஹீமோகுளோபின். சிகரெட் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அதே ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிமானத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துவிடுகிறது. நஞ்சுக்கொடியையும் அது தாண்டும். கருவின் ரத்தத்தில், தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே சேரும். நிக்கோட்டினோ ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை என்பது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லும் விஷயம். அரசாங்கம் ஊசி போட்டு ஏற்றுகிற ரத்தத்தில்தான் வீட்டுப் புகையும் பங்கு கேட்கிறது.

தானே புகைக்கும் தாய்க்கு நேரும் அளவு தீங்கு, புகையைச் சுவாசிக்க மட்டும் செய்கிற தாய்க்கு நேராது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மிகைப்படுத்தினால் யாரும் நம்பமாட்டார்கள். புகைக்கும் தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளின் எடை சராசரியாக 200 கிராம் வரை குறைகிறது. குறைப்பிரசவம், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, குழந்தை வயிற்றிலேயே இறப்பது ஆகியவற்றின் ஆபத்தும் கூடுகிறது. கணவரின் புகையால் குறையும் எடை சராசரியாக 30 கிராமை ஒட்டி இருக்கும். பார்க்கச் சின்ன எண். ஆனால் 2011-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தான் புகைக்காமல் பிறர் புகையை மட்டும் சுவாசித்த கர்ப்பிணிகளிடம் குழந்தை இறந்து பிறக்கும் வாய்ப்பு 23 சதவீதமும், பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு 13 சதவீதமும் கூடியிருந்தன. பேறுகாலத்துக்கு வாங்கி வைத்த சின்னத் துணிகளைத் திரும்ப அலமாரியில் மடித்து வைக்கிற ஒரு வீட்டுக்குப் போய் அந்த எண்ணைச் சின்னது என்று சொல்ல முடியாது.

புகைப்பவரின் மனைவிக்கு என்ன ஆகிறது என்று முதலில் பெரிய அளவில் எண்ணிப் பார்த்தவர் ஜப்பானைச் சேர்ந்த தகேஷி ஹிராயாமா. புகைக்காத 91,540 மனைவிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். அதிகமாகப் புகைக்கும் கணவரின் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று 1981-ல் அறிவித்தார். சிகரெட் கம்பெனிகள் அவரை விடாமல் எதிர்த்தன. பின்னால் வந்த ஆய்வுகள் அவர் சொன்னதையே உறுதி செய்தன.

இனி நம் வீடுகள். ‘நான் வீட்டுக்குள்ள பிடிக்கிறதே இல்லை, மாடிக்குப் போய்த்தான்’ என்பார்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அக்கறையோடுதான் மாடி ஏறுகிறார். ஆனால் பம்மல், அனகாபுத்தூர், சேலையூர் பக்கத்து போர்ஷன் வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரே காம்பவுண்டுக்குள் நான்கைந்து குடித்தனம். படியேறி நின்று பிடித்தால் புகை அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் போகிறது. அந்த வீட்டிலும் ஒரு கர்ப்பிணி இருக்கலாம். மேடவாக்கம், பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் பால்கனிக் கதவு முழுக்க மூடியிருப்பது அபூர்வம். கொசுவுக்குப் பயந்து மூடினாலும் கீழிடுக்கு வழியாகப் புகை உள்ளே வரும். ஏசி போட்ட படுக்கையறை இன்னும் மோசம், உள்ளே வந்த காற்றையேதான் அது சுற்றிச் சுற்றி விடுகிறது. சட்டையிலும் மீசையிலும் விரலிலும் ஒட்டியது அவரோடு படுக்கைக்கு வருகிறது.

ஒட்டியது சுலபத்தில் போவதும் இல்லை. அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் புகைப்பவர்கள் காலி செய்துபோன வீடுகளை ஆராய்ந்தார்கள். 2 மாதம் பூட்டிக் கிடந்து, சுத்தம் செய்து, புதிதாகக் குடிவந்த பிறகும் சுவரிலும் தூசியிலும் நிக்கோட்டின் இருந்தது. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் போட்டு வீடு மாறிக்கொண்டே இருக்கிற புறநகர்வாசிகளுக்கு இது அவசியமான தகவல்.

2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். தாம்பரம் ரயில் நிலைய நடைமேடையில் ஒரு கர்ப்பிணியை இந்தச் சட்டம் காப்பாற்றும். அதே பெண் மின்சார ரயிலில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போன பிறகு அவளுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. இந்தியாவில் வயது வந்தவர்களில் 38.7 சதவீதம் பேர் வீட்டுக்குள் பிறர் புகையைச் சுவாசிக்கிறார்கள் என்றது அதே 2016-17 கணக்கெடுப்பு. வேலையிடத்தில் சுவாசிப்போரைவிட இது அதிகம். படுக்கையறைக்குள் போலீஸ் வர முடியாது, வரவும் கூடாது. அங்கே வேலை செய்யக்கூடியது பேச்சு ஒன்றுதான்.

பேச்சை ஆரம்பிக்க வேண்டிய சுமையையும் அவள் தலையிலேயே வைத்துவிடுகிறோம். ‘நீ சொன்னா கேப்பான்’ என்பார் மாமியார். அவள் சொல்லத்தான் செய்கிறாள். முதல் மூன்று மாதம் வாந்தியே அவளுக்காகப் பேசுகிறது. மசக்கையில் தாளிக்கிற வாசனையே ஆகாதவளுக்குச் சிகரெட் வாடை எப்படி ஆகும்? அந்த நாட்களில் கணவர்கள் கொஞ்சம் ஒதுங்கியும் இருக்கிறார்கள். நான்காம் மாதம் குமட்டல் நிற்கிறது. அவரும் பழையபடி ஆகிறார். அதற்குமேல் வற்புறுத்தினால் சண்டை. சம்பளம் அவர் கையில் இருக்கிற வீட்டில், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சண்டை போடுவாள்? அதனால்தான் இதை மூன்றாவது ஒருவர், வெள்ளைக் கோட்டோ நீலப் புடவையோ உடுத்திய ஒருவர், அவரை நேரில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புகைக்கும் பெண்களே இங்கு இல்லை என்று எழுதிவிட்டுப் போனால் அதுவும் அநியாயம். பெருங்குடி, காரப்பாக்கம், சோழிங்கநல்லூர் ஐ.டி. வளாகங்களின் வெளியே டீக்கடை ஓரம் நிற்கிறவர்களில் பெண்களும் உண்டு. இரவு ஷிப்ட், டெட்லைன், உடன் நிற்கும் நண்பர்கள் என்று ஆண்களுக்கு ஒட்டிக்கொண்ட அதே காரணங்களால் அவர்களுக்கும் ஒட்டிக்கொண்ட பழக்கம்தான். கர்ப்பம் தரித்ததும் அவர்களுக்கு நேர்வது வேறு. டாக்டரிடம் சொல்ல முடிவதில்லை, ஏனென்றால் பக்கத்து நாற்காலியில் மாமியார் இருக்கிறார். டாக்டரும் கேட்பதில்லை; குடும்பப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம். அவமானத்துக்குப் பயந்து மறைக்கிறவள் உதவி கேட்காமலேயே தனியாகப் போராடுகிறாள். இங்கே ஒழுக்கப் பாடம் நடத்துவது குழந்தைக்குத்தான் கெடுதல்.

அவர்களுக்குச் சொல்ல நல்ல செய்தி இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆய்வொன்று 2009-ல் வெளியானது. 15 வாரத்துக்குள் முழுதாக நிறுத்திவிட்ட பெண்களுக்கும், புகைக்கவே புகைக்காத பெண்களுக்கும், குறைப்பிரசவத்திலோ குழந்தையின் எடையிலோ பெரிய வித்தியாசம் இல்லை என்று அது கண்டது. 15 வாரம் தாண்டிவிட்டால் பயனில்லை என்றும் நினைக்க வேண்டாம். எந்த மாதத்தில் விட்டாலும் அன்றிலிருந்து குழந்தைக்கு லாபம்தான். கர்ப்ப காலத்தில் உடம்பு நிக்கோட்டினை வேகமாக வெளியேற்றுகிறது. அதனால் தவிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். அது மன உறுதிக் குறைவால் வருவதல்ல. சிகரெட்டை விடுவதற்கென்று மற்றவர்களுக்குத் தரும் மாத்திரைகள் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை; நிக்கோட்டின் சூயிங்கமும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. வேப் அடித்தால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதிலும் நிக்கோட்டின் உண்டு, 2019 முதல் இந்தியாவில் அதன் விற்பனைக்கே தடை. கர்ப்பிணிக்கு முதல் மருந்து, தனியாக உட்காரவைத்துத் திட்டாமல் பேசும் ஆலோசனைதான்.

புகையில்லாத புகையிலை வேறு ஒரு தலைவலி. பழைய தாம்பரத்துப் பாட்டிமார் வெற்றிலையோடு ஒரு கிள்ளு போயிலை வைத்துக்கொள்வார்கள். குமட்டலுக்கு நல்லது என்று மருமகளுக்கும் நீட்டுவார்கள். வண்டலூர் தொடங்கி கேளம்பாக்கம் வரை எழும்பும் கட்டடங்களில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் குடும்பங்களின் சொந்த ஊர்களில், புகையிலைப் பசையைப் பல் தேய்க்கப் பயன்படுத்தும் பெண்கள் பலர். குட்கா, பான்மசாலாவுக்கு 2013 முதல் தமிழகத்தில் தடை இருந்தும் பெட்டிக்கடையில் ரகசியமாகக் கிடைப்பது ஊரறிந்த விஷயம். மும்பையில் பிரகாஷ் குப்தாவும் ஸ்ரீவித்யாவும் 1,217 பெண்களைப் பின்தொடர்ந்து 2004-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இவற்றைப் பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்தும், 6 நாள் முன்னதாகவும் பிறந்தன. புகை வரவில்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிற பெண்கள் இவர்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்த பெண்களுக்குத் தமிழில் அச்சிட்ட துண்டுப் பிரசுரம் பயன்படாது. இந்தியிலும் ஒடியாவிலும் பேசும் யாராவது ஒருவர் அவர்கள் தங்கியிருக்கும் தகரக் கொட்டகைக்குப் போக வேண்டும்.

கணவர்கள் விஷயத்துக்குத் திரும்புவோம். ‘விட முடியலை சார்’ என்கிறார்கள். ‘குறைச்சுட்டேன், நாளைக்கு ரெண்டுதான்’ என்கிறார்கள். குறைத்தவர் மீதியை ஆழமாக இழுக்கிறார். 2018-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, 20 பிடிப்பவருக்குக் கூடும் மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது என்று சொன்னது. அப்பா ஆகப்போகிறவர் தன் பிள்ளை கல்லூரிக்குப் போவதைப் பார்க்க உயிரோடு இருக்க வேண்டும் என்பதும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

விட முடியும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொள்ளும் எத்தனை பேர் ஒரு மண்டலம் சிகரெட்டைத் தொடாமல் இருக்கிறார்கள்! டீக்கடையில் நண்பர் நீட்டினால் ‘சாமி, மாலை போட்டிருக்கேன்’ என்றதும் நீட்டியவரே கையை இழுத்துக்கொள்கிறார். ரமலான் நோன்பில் பகல் முழுக்கத் தம் இல்லாமல் கடக்கிறவர்களையும் பார்க்கிறோம். நிக்கோட்டின் தவிப்பு முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தில் இருந்து, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும் என்பது மருத்துவம். மண்டல விரதம் அந்த எல்லையைத் தாண்டித்தான் போகிறது. மாலையைக் கழற்றிய அன்று மறுபடி பற்றவைக்கிறவர், உண்மையில் விட்டுவிட்ட ஒன்றைப் புதிதாகத் தொடங்குகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவருக்கென்று நம் பெரியவர்கள் எத்தனை விலக்குகள் வைத்தார்கள்! முடி வெட்டக் கூடாது, மலை ஏறக் கூடாது, கடலில் குளிக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது. தாடியும் பரட்டைத் தலையுமாக அலுவலகம் வருகிறவரைப் பார்த்து ‘வீட்ல விசேஷமா?’ என்று கேட்பது இன்றும் வழக்கம். பிள்ளை சுமப்பது அவள் என்றாலும் விரதம் இருவருக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. முடி வெட்டுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அதைக்கூட நம்பிக் கடைப்பிடிக்கிற ஆண் மனதில், நிஜமாகவே குழந்தையைத் தொடுகிற ஒரு விலக்குக்கு இடம் இல்லாமல் போகாது. ‘வீட்ல மாசமா இருக்காங்க, நான் பிடிக்கிறதில்லை’ என்ற ஒரு வரிக்கு, ‘மாலை போட்டிருக்கேன்’ என்பதற்குக் கிடைக்கிற மரியாதை டீக்கடையில் கிடைத்துவிட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. அந்த மரியாதையைக் கொடுக்க வேண்டியவர்கள் நண்பர்கள்.

மருத்துவ உதவிக்கு இந்தப் பகுதி மக்கள் தொலைதூரம் போக வேண்டியதும் இல்லை. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் கொடுத்த மருத்துவமனையை டாக்டர் சவுரிமுத்து 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கினார். 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோய்க்கும் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதை உலகத்துக்குக் காட்டியதும் தமிழகத்து ஆய்வுதான். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வெ. கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சேர்ந்து, இங்கே இறந்துபோன 43,000 ஆண்களின் விவரங்களை உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டு 2003-ல் வெளியிட்டார்கள். ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் ஏறக்குறையப் பாதிக்குப் புகைப்பழக்கம் காரணம் என்று அந்த ஆய்வு சொன்னது. புகைக்கிற அப்பாவுக்கு வரும் காசநோய், வீட்டில் தவழ்கிற பிள்ளைக்கும் பரவக்கூடியது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002 முதல் புகையிலைப் பழக்கத்தை விட ஆலோசனை தரும் மையம் இருக்கிறது. அந்த மருத்துவமனை 1954-ல் உருவாகக் காரணமாக இருந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தருகிற 18,000 ரூபாய் மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பணம் 14,000, பேரீச்சம்பழமும் நெய்யும் இரும்புச்சத்து டானிக்கும் அடங்கிய இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். ஒருபுறம் புகையிலை தரும் புற்றுநோயோடு மல்லுக்கட்டும் மருத்துவமனை, மறுபுறம் கர்ப்பிணியின் வயிற்றைக் காக்கும் திட்டம். இரண்டுக்கும் ஒரே பெயர். இரண்டுக்கும் இடையில் பாலம் போட வேண்டிய பொறுப்பு நமக்கு.

பாலம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். கர்ப்பிணியிடம் அவளுடைய புகையிலைப் பழக்கத்தையும், வீட்டில் யாராவது புகைக்கிறார்களா என்பதையும் ஒவ்வொரு பரிசோதனையிலும் கேட்க வேண்டும், கணவரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே வழிகாட்டியது. தமிழகத்தில் மருத்துவமனைப் பிரசவம் 99 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதாவது, அநேகமாக எல்லாக் கர்ப்பிணியும் ஏதோ ஒரு நர்ஸ் எதிரில் பலமுறை உட்காருகிறாள். இவ்வளவு வலுவான ஏற்பாடு பல மாநிலங்களுக்கு வாய்க்கவில்லை. ‘ஏம்மா, வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பாரா? வெளியில நிக்கிறாரா? கூப்பிடு’ என்று கேட்க அரை நிமிடம். வந்தவரிடம் ஐந்து நிமிடம். ஹீமோகுளோபின் எண்ணைக் காட்டி, துண்டு போட்டு இடம் பிடிக்கிற அந்த வாயுவைப் பற்றி அவரிடம் சொல்லலாம்.

ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்த நாடுகளும் உண்டு. பிரிட்டனில் புகைக்கும் கர்ப்பிணிகளுக்கு, விட்டுவிட்டால் 400 பவுண்ட் மதிப்புள்ள கூப்பன் என்று ஒரு சோதனை நடத்தினார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 12 சதவீதம் பேரே விட்டிருந்தபோது, கூப்பனும் சேர்ந்து பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் விட்டிருந்தார்கள் என்று 2022-ல் முடிவு வந்தது. அதைப் பார்த்து முத்துலட்சுமி ரெட்டி நிதியைக் கணவர் சிகரெட்டை விடுவதோடு முடிச்சுப் போடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் நான் எதிர்ப்பேன். அவர் பிடிக்கிற சிகரெட்டுக்கு அவளுடைய பேரீச்சம்பழத்தைப் பிடுங்குவது கொடுமை. அவருக்கென்று தனியாக ஏதாவது செய்யட்டும். மனைவியோடு ஆலோசனைக்கு வரும் தினக்கூலிக்காரருக்கு அன்றைய அரைநாள் கூலியாவது கொடுக்கலாம். அது இல்லாமல் செவ்வாய்க்கிழமை அவர் எப்படி வருவார்?

இன்றே விட நினைக்கிற கணவருக்கு: 1800-11-2356 என்பது மத்திய அரசின் இலவச உதவி எண். 2018 முதல் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கள் விடுமுறை. தமிழில் பேசலாம். 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். மென்றுகொண்டே இருக்காமல், காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். தவிப்பு ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள்தான் நிற்கும். அந்த நேரத்துக்குக் கிராம்போ கடலைமிட்டாயோ போதும். டீயும் தம்மும் ஒட்டிப் பிறந்தவை என்பதால் முதல் இரண்டு வாரம் கடை டீயை விட்டுவிட்டு வீட்டில் குடிப்பது உத்தமம். ஒருநாள் தவறிவிட்டால் எல்லாம் போச்சு என்று பாக்கெட் வாங்கிவிடாதீர்கள். நிலையாக விட்டவர்களில் பெரும்பாலோர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முயன்றவர்கள்.

பெரிய ஆபத்தான காலம் ஒன்று உண்டு, அதை யாரும் எச்சரிப்பதில்லை. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். செங்கல்பட்டோ திண்டிவனமோ திருநெல்வேலியோ. வீட்டில் அவர் தனியாள். மாடி ஏற வேண்டிய அவசியம் இல்லை, முகம் சுளிக்க ஆள் இல்லை. ஹாலில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டே பிடிக்கலாம். ஐந்து மாதம் கட்டுப்பாடாக இருந்தவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். பிள்ளை பிறந்த செய்தி வந்த இரவு நண்பர்களுக்கு ஸ்வீட்டோடு சேர்த்துச் சிகரெட்டும் நீட்டுகிறார்கள். பிறகு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, நல்ல நாள் பார்த்து ஒற்றைப்படை மாதத்தில் பிள்ளையை அழைத்துவருகிறார்கள். வாசலில் ஆரத்தி எடுத்து உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைப்பது அந்த ஹாலில், அந்த மெத்தையில். பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிற உடம்பு அது. புகை படிந்த வீட்டில் குழந்தைக்கு வீசிங், காது சீழ், நெஞ்சுச்சளி ஆகியவை கூடும். தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகிற திடீர் சிசு மரணத்தின் ஆபத்தும் கூடும்.

ஆகவே அந்தத் தனிமை மாதங்களையே திருப்பிப்போட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம். வளைகாப்பன்று கடைசி சிகரெட் என்று ஒரு தேதி குறிக்கலாம். தொட்டிலுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே மெத்தை உறை, தலையணை, ஜன்னல் திரை எல்லாவற்றையும் துவைத்து வெயிலில் போடலாம். முடிந்தால் ஹாலுக்கு ஒரு கோட் சுண்ணாம்பு அடிக்கலாம். மாமனார் வீட்டிலும் இதே பேச்சு நடக்க வேண்டும்; அங்கே திண்ணையில் பீடி பிடிக்கிற தாத்தாவிடம் பேரனைக் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுவதில் தப்பில்லை. பச்சை உடம்புக்காரியின் அம்மாதான் அதைக் கேட்கச் சரியான ஆள். அவர் சொன்னால் தாத்தா எழுந்து தெருவுக்குப் போவார்.